இரண்டு வீட்டுக்கு ஒரு புகைபோக்கி

ஐவி ஹோல்ராய்டின் காதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாலிண்டன் தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து இணைப்புக் கொடுத்தவள் அவள். ஊரில் யார் ரிசீவரை எடுத்தாலும், வாயைத் திறந்த மாத்திரத்தில் இன்னார் என்று சொல்லிவிடுவாள். சளி பிடித்திருந்தாலும் தெரியும், குடித்திருந்தாலும் தெரியும். கசாப்புக் கடைக்காரரின் மூச்சு சரியில்லை என்று அவர் மனைவியிடம் போய்ச் சொல்லி, அந்த அம்மாளிடம் திட்டு வாங்கி, அடுத்த வாரமே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது அதே அம்மாளிடம் ஒரு கேக்கும் வாங்கியவள். ஒரு குரலை அவள் தப்பாக அடையாளம் சொன்னதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நாள் பூரா ஊர் ஆம்பளைங்க பேச்சைக் கேட்டுட்டு, வீட்டுக்கு வந்தும் ஒருத்தன் பேச்சைக் கேக்கணுமாக்கும்?" என்பாள். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருமே அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். எனக்கு அவளைவிட எட்டு வயது குறைவு. பெல்வியூ தெருவில் எதிர் வரிசையில் என் வீடு. சமையலறை ஜன்னலில் நின்றால் அவள் வீட்டுக் கூரை நேரே தெரியும்.

அவள் வீடு பதினான்காம் எண். ஒட்டிக்கொண்டிருந்த பதினாறாம் எண்ணில் க்ளெமெண்ட் வார்லி இருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக, குளிர்காயத் தீ மூட்டும் இரண்டு கணப்புகள். இரண்டுக்கும் மேலே ஒரே புகைபோக்கித் தூண். கூரைக்கு மேல் ஆள் உயரத்துக்கும் அதிகமாக எழுந்து நின்ற கருத்த செங்கல் தூண் அது. உச்சியில் நான்கு மண்குழாய்கள், வீட்டுக்கு இரண்டாக. நிலக்கரி எரிப்பதை விட்டு எல்லாரும் மின்சாரக் கணப்புக்கு மாறிய பிறகு தெருவில் பாதிப் பேர் புகைபோக்கியை இடித்துக் கூரைக்குக் கீழே இறக்கி, மேலே கல்தகடு போட்டு மூடிவிட்டார்கள். இந்தத் தூண் மட்டும் நின்றது. இரண்டு சொந்தக்காரர்கள் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம், யார் முதலில் வாயைத் திறப்பது என்று கிடந்துவிட்டது.

க்ளெமெண்ட் பஞ்சாலையில் நாற்பது வருஷம் பஞ்சு சீவும் பகுதியில் வேலை பார்த்தவர். தூசி நுரையீரலில் குடியேறிவிட்டது. படியேற முடியாமல் கட்டிலைக் கீழே முன்னறைக்குக் கொண்டுவந்து, கணப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் ஐவி தன் வீட்டுக் கணப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது இரும்புக் கம்பி காலில் விழுந்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னாள். உடனே கணப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது:

"அடேயப்பா! இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட, ஐவி?"

தூணுக்குள் இரண்டு வீட்டுப் புகைவழிகளையும் பிரிக்கிற நடுச்சுவர் எங்கேயோ உடைந்திருந்தது. பேச்சு மேலே போய் அந்தப் பக்கம் இறங்கியது. அன்றிலிருந்து தினமும் மாலை நான்கு மணிக்கு ஐவி தேநீரோடு கணப்பருகே உட்காருவாள். "ஐவி, இருக்கியா?" என்று க்ளெமெண்ட் கேட்பார். ஒரு இருமல். அப்புறம் பேச்சு. பதினோரு வருஷம் இப்படிப் போயிற்று. வாசலில் பார்த்துக்கொண்டால் தலையை ஆட்டுவதோடு சரி. எங்கள் யாருக்கும் இது தெரியாது.

அந்தப் பதினோராவது வருஷம் ஏப்ரலில், லீட்ஸிலிருந்து க்ளெமெண்டின் அண்ணன் மகன் லயனல் வந்திருந்தான். நான்கு மணி ஆகவில்லை. ஐவி கணப்புப் பக்கமாக ஏதோ எடுக்கப் போனாள். அவன் என்னவோ கேட்டதும், க்ளெமெண்ட் சிரித்துக்கொண்டே பதில் சொன்னதும் தெளிவாக இறங்கி வந்தது.

"அந்தம்மாவா? அது பாட்டுக்குப் பேசிட்டிருக்கும். ரேடியோ மாதிரி. என்ன, அணைக்கத்தான் திருகு இல்ல."

ஐவி கேட்டாள். அவ்வளவுதான். மறுநாள் ஒரு பலகையை அறுத்து வாங்கி வந்து, இடுக்கெல்லாம் பழைய செய்தித்தாளைத் திணித்து, கணப்பின் வாயை ஆணியடித்து மூடினாள். எட்டு ஆணி. ஒவ்வொன்றும் அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

பிறகு அவரிடம் பேசவே இல்லை. அவரும் கூப்பிடவில்லை, வீம்பு பிடித்துக்கொண்டு இருக்கிறார் என்று நினைத்தாள். செப்டம்பர் கடைசியில் ஆம்புலன்ஸ் வந்து க்ளெமெண்டை ஏற்றிக்கொண்டு போனது. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அடக்கத்துக்கு ஐவி வந்தாள். என் பக்கத்தில்தான் நின்றாள். அழவில்லை. வீட்டுக்குப் போய் ஆணிகளைப் பிடுங்கிப் பலகையை எடுத்து, கொல்லையில் போட்டு எரித்தாளாம். ஏன் எரித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நவம்பர் மாதம், மூன்றாவது வாரம். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்த நேரம். ஐவி விளக்கைப் போடவில்லை. கணப்பிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கிக் கால் விரலில் பட்டது. ஈரக் கரியின் வாடை. தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

அந்த இருமல் அவளுக்குத் தெரியும். இரண்டு முறை வறட்டு இருமல், ஒரு நிறுத்தம், பிறகு தொண்டையைச் செருமுவது.

"ஐவி," என்றது குரல். "ஐவி, இருக்கியா?"

கோப்பை மடியில் கவிழ்ந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. சூடு பட்ட தடம் பல நாள் இருந்தது, எனக்கே காட்டினாள்.

"பலகைய எடு, ஐவி."

பலகை விஷயம் அவளுக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பதினாறாம் எண் பூட்டிக் கிடக்கிறது. சாவி லீட்ஸில் இருக்கிறது. குரல் க்ளெமெண்டின் குரல்தான். அவர் பிறந்து வளர்ந்த பஞ்சாலைத் தெருவின் இழுவை அதில் இருந்தது. "ஐவி" என்னும்போது கடைசி எழுத்தில் மூச்சு தீர்ந்துபோவதும் அப்படியே இருந்தது. இருபத்தாறு வருஷம் குரல்களை அடையாளம் கண்டவளுக்கு இதில் சந்தேகம் என்ற பேச்சே இல்லை.

அவள் மண்டியிட்டாள். கணப்புக்குள் தலையை நீட்டினாள். மேலே இருட்டு.

"எடுத்தாச்சு, க்ளெம்," என்றாள். "எடுத்தாச்சுப்பா. எரிச்சே போட்டுட்டேன்."

மேலே ஒன்றும் அசையவில்லை. பிறகு மறுபடியும், முன்பு சொன்ன அதே தொனியில், ஒரு மயிரிழை மாறாமல்: "பலகைய எடு, ஐவி."

அதுதான் தன்னை உலுக்கிவிட்டது என்று பிற்பாடு சொன்னாள். செத்தவர் வந்து பேசியதுகூட இல்லை. எடுத்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் அவருக்கு அது போய்ச் சேரவில்லை என்பதுதான். கம்பி ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது. அவர் பேசுவது இங்கே வருகிறது, இவள் பேசுவது அங்கே போகவில்லை.

தினமும் வரவில்லை. மூன்று நாள் வரும், ஒரு வாரம் வராது. பெரும்பாலும் பொழுது சாயும் முன்பு. குளிர்காலம் முழுக்க அவள் யாரிடமும் சொல்லவில்லை. குரல் வரும் நாளெல்லாம் மண்டியிட்டு அதே பதிலைச் சொன்னாள். "எடுத்தாச்சு, க்ளெம்." மெலிந்துகொண்டே போனாள். உடம்புக்கு என்ன என்று நான் கேட்டால், "பல்லு கட்டுறேன், அதான்," என்று சமாளித்தாள்.

பிப்ரவரியில் பெரும் காற்று அடித்தது. மறுநாள் காலையில் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். தூண் தெருப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு மண்குழாய் சிதறி நடைபாதையில் கிடந்தது. அந்த வாரமே நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது, இரண்டு சொந்தக்காரர்களும் தூணைச் சரிசெய்ய வேண்டும் அல்லது இறக்க வேண்டும் என்று.

டெரிக் ஃபர்த் என்ற கூரைக் கொத்தனாரை நான்தான் கூட்டி வந்தேன். பருத்த மனிதர், வாய் ஓயாது. ஏணி அவருக்குக் கீழே முனகும்.

"ரெண்டு வழி இருக்கு, மிஸ் ஹோல்ராய்ட்," என்றார் வாசலில் நின்று. "ஒண்ணு, கழுத்தைச் சீவிரலாம். கூரைக்குக் கீழ வரைக்கும் இறக்கி, மேல மூடிட்டா ரெண்டு நாள் வேலை. அப்புறம் மழை, காத்து, காக்கா, எதுவும் உங்களைச் சீண்டாது. இன்னொண்ணு, முழுசாப் பிரிச்சுத் திரும்பக் கட்டுறது. சாரம் கட்டணும், பழைய செங்கல்லைத் தட்டித் தட்டி எடுக்கணும், மூணு வாரம் ஆகும். பெருமைக்கு மட்டும்தான் அது. எரிக்கவே போறதில்லன்னா எதுக்குப் புகைபோக்கி?"

"மூடிட்டா உள்ள காத்துகூட வராதா?"

"ஒரு கொசு வராது."

"சத்தம்?"

டெரிக் என்னைப் பார்த்தார். "சத்தமும் வராது. மூடுறதுன்னா மூடுறதுதான்."

"அப்ப சீவிரு," என்றாள் ஐவி. சொன்ன வேகத்தில் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அவள் கை கதவு நிலையைப் பிடித்திருந்தது.

டெரிக் சாய்வை அளக்க மேலே ஏறினார். மார்ச் மாதம், மணி நாலு இருக்கும், நல்ல வெளிச்சம். நானும் ஐவியும் நடைபாதையில் அண்ணாந்து நின்றோம். அவர் தூணைத் தட்டிப் பார்த்தார், சாந்தை விரலால் சுரண்டினார், பதினாறாம் எண் பக்கத்துக் குழாய்க்குள் டார்ச் அடித்து முகத்தை வைத்துப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு மெதுவாக முகத்தை எடுத்தார். தொப்பி கழன்று கூரையில் உருண்டு எங்கள் காலடியில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

இறங்கி வந்தபோது அவர் வாய் ஓய்ந்திருந்தது.

"பக்கத்து வீட்ல யாரும்மா இருக்காங்க?"

"யாருமில்ல," என்றேன் நான். "க்ளெமெண்ட் போனதுலேருந்து பூட்டித்தான் கிடக்கு."

"உள்ள ஒரு ஆம்பள பேசறான். உங்க பேரைச் சொல்றான், மிஸ் ஹோல்ராய்ட்."

ஐவி அங்கேயே, ஈர நடைபாதையில், உட்கார்ந்துவிட்டாள். நான் பயந்து தூக்கப் போனேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "எனக்கு மட்டும் இல்ல," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "எனக்கு மட்டும் கேக்குதுன்னு இல்ல."

அன்று மாலை என் சமையலறையில் உட்கார்ந்து, நான் மேலே எழுதியதெல்லாவற்றையும் எங்கள் இருவரிடமும் சொல்லி முடித்தாள். டெரிக் இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் உட்கார்ந்தார். என் வீட்டிலும் கணப்பு இருக்கிறது. அதற்கு முதுகு காட்டி உட்கார முடியாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

லயனலை வரவழைத்தோம். சனிக்கிழமை சாவியோடு வந்தான். முப்பத்தைந்து வயது, கணக்கு எழுதும் வேலை, மடிப்புக் கலையாத கோட்டு. வீட்டை விற்கப்போகிறவனுக்குப் புகைபோக்கி ஒரு தொல்லை. "இறக்கிடுங்க, நான் எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்," என்று வாசலிலேயே ஆரம்பித்தான்.

"முதல்ல கதவைத் திற, தம்பி," என்றார் டெரிக். "உள்ள உக்காந்து பேசலாம்."

நாங்கள் நாலு பேரும் உள்ளே போனோம். ஆறு மாதம் பூட்டிய வீடு. சுவர்க் காகிதம் உரிந்து நாக்கு மாதிரித் தொங்கியது. முன்னறையில் கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். கணப்பருகே நாற்காலி மட்டும் அப்படியே இருந்தது, தலை சாய்த்த இடத்தில் எண்ணெய்க் கறையோடு. கணப்புக்குள் சுள்ளிகள் குவிந்து கிடந்தன, ஆட்டு மயிரும் ஒரு முழக் கயிறும் கலந்து. அவற்றில் சிலது அன்றைக்கு விழுந்தவை போல ஈரமாக இருந்தன. யாரும் உட்காரவில்லை. யாரும் அந்த நாற்காலிப் பக்கம் போகவுமில்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. லயனல் கைக்கடிகாரத்தைப் பார்த்து என்னவோ சொல்லப் போனான்.

சுள்ளிகளின் மேல் கொஞ்சம் கரித்தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு இருமல்.

"ஐவி, இருக்கியா?"

லயனல் சுவரோடு சுவராக ஒட்டினான். "சித்தப்பா," என்றான், சின்னப் பையன் மாதிரி. ஐவி அசையவில்லை. நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். அது மரக்கட்டை போல இருந்தது.

"பலகைய எடு, ஐவி."

இந்த முறை குரல் முடிந்ததும் இன்னொரு சத்தம் வந்தது. "ட்சாக்" என்று ஒரு கூர்மையான கரைவு. சிறகு உதறும் சத்தம்.

லயனல் கண்ணை மூடித் திறந்தான். "மேனேஜர்," என்றான்.

"யாரு?"

"அந்தச் சனியன் பிடிச்ச காக்கா! சித்தப்பா வளத்தது!"

எங்கள் ஊரில் புகைபோக்கிகளில் கூடு கட்டும் சின்னக் காக்கா இருக்கிறதே, பிடரியில் சாம்பல் நிறம், வெள்ளிக் கண், அதன் குஞ்சு ஒன்று போன ஜூனில் புகைவழியில் விழுந்து க்ளெமெண்டின் கணப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர் ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டி வளர்த்திருக்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டது மாதிரி அது நடப்பதைப் பார்த்து ஆலை மேனேஜர் என்று பேர் வைத்திருக்கிறார். நாற்காலி முதுகிலேயே உட்கார்ந்திருக்குமாம். ஆம்புலன்ஸ் வந்த அன்று லயனல்தான் ஜன்னலைத் திறந்து அதைத் துரத்தியிருக்கிறான்.

"வளத்த காக்கா பேசும்," என்றார் டெரிக், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "எங்க மாமா ஒண்ணு வெச்சிருந்தார். அவர் மாமியார் மாதிரியே திட்டும். ஆனா பத்துத் தரம் கேட்டா வராது. அதே பேச்சைத் தினம் கேட்டிருக்கணும். மாசக்கணக்கா."

ஐவி லயனலைப் பார்த்தாள்.

"தினமுமா?"

லயனல் கோட்டுப் பொத்தானைத் திருகினான். "நான் வந்தப்பல்லாம் பாத்திருக்கேன். நாலு மணியானா கணப்புக்குள்ள குனிஞ்சு கூப்பிடுவார். மூச்சு வாங்கும், விடமாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்குக் காலைலகூட. மனசு கலங்கிப் போச்சுன்னு நினைச்சேன், மிஸ் ஹோல்ராய்ட். பலகைன்னா என்னன்னு எனக்கு இப்ப வரைக்கும் தெரியாது."

"என்னைப் பத்தி உன்கிட்ட ஏதாவது சொல்லிருக்காரா? போன ஏப்ரல்ல? ரேடியோன்னு?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "ஞாபகம் இல்லையே," என்றான்.

பேய் இல்லை என்று தெரிந்ததும் எனக்கும் டெரிக்குக்கும் உயிர் வந்தது. ஐவிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "பேயா இருந்தா, செத்ததுக்கப்புறம்தான் கூப்பிட்டார்னு இருந்திருக்கும்."

புகைபோக்கியை உடனே இறக்க முடியவில்லை. ஏப்ரல் முதல் வாரம் டெரிக் மறுபடி ஏறிப் பார்த்தபோது, நடுச்சுவர் உடைந்த இடத்தில், இரண்டு புகைவழியும் சேர்கிற திண்டின் மேல், மேனேஜர் ஜோடி சேர்த்துக்கொண்டு கூடு கட்டியிருந்தது. முட்டை இருக்கும்போது கை வைத்தால் சட்டப்படி குற்றம். தூணைச் சுற்றி இரும்புப் பட்டை கட்டி இறுக்கிவிட்டு, ஜூலையில் வருகிறேன் என்று போனார். லயனல் இறக்குவதற்கான தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஐவி போடவில்லை. தாள் என் வீட்டு அலமாரியில் கிடந்தது.

அந்த வசந்தம் முழுக்க அவள் கணப்பருகே உட்கார்ந்தாள். பறவை என்று தெரிந்தும் பதில் சொல்லுவதை நிறுத்தவில்லை. "விட்டுடேன்," என்று நான் சொன்னால், "அது கேக்குது, நான் சொல்றேன். உனக்கென்ன நஷ்டம்?" என்பாள். சில நாள் எனக்குக் கோபம் வரும். சில நாள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் காத்திருப்பேன். குஞ்சுகள் கத்தத் தொடங்கின பிறகு அந்த ஆழத்திலிருந்து வரும் க்ளெமெண்டின் இருமல் இன்னும் மோசமாக இருந்தது. உயிருள்ள பசிச் சத்தங்களுக்கு நடுவில் இறந்த மனிதரின் சளி.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ரொட்டி சுட்டுக் கொண்டுபோயிருந்தேன். வெளியே கண்ணைப் பறிக்கிற வெயில். ஐவி சமையலறையில் கெட்டிலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள், நான் முன்னறையில் இருந்தேன்.

"ஐவி, இருக்கியா? பலகைய எடு, ஐவி."

எனக்குப் பழகிவிட்டது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது ஐவி பதில் சொன்னாள்.

"எடுத்தாச்சு, க்ளெம்."

நான் நிமிர்ந்தேன். சமையலறை வாசலில் ஐவி நின்றுகொண்டிருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது.

"எடுத்தாச்சு, க்ளெம்," என்றது அவள் குரல், கணப்புக்குள்ளிருந்து. கொஞ்சம் தேய்ந்து, தூரமாக, ஆனால் அவளேதான். முதல் நாள் அவள் சொன்ன "எடுத்தாச்சுப்பா" மட்டும் வரவில்லை, மூச்சு அங்கே வெட்டுப்பட்டது. பிறகு அவர் இருமினார். பிறகு மறுபடி அவள். பிறகு அவர். கேள்வி, பதில், கேள்வி, பதில். இடையில் இவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

ஐவி மெதுவாக வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அவ பேசறா," என்றாள். "நான் இங்க இருக்கேன், அங்க அவ பேசறா. ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க."

யாருடைய குரலும் உடம்பை விட்டு இப்படிப் பிரிந்து கேட்டதில்லை எனக்கு. ஐவி செத்துப்போய் நான் இதைக் கேட்பது போலவும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தவறுதலாக இன்னும் இங்கே இருப்பவள் போலவும் ஒரு கணம் தோன்றியது. அவளைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தாள். அடுப்பில் கெட்டில் விசிலடித்தது. இரண்டு பேரும் அதை அணைக்கப் போகவில்லை.

அதற்குப் பிறகு அவள் கணப்பருகே உட்காரவில்லை. பின்னறைக்கு நாற்காலியை மாற்றிக்கொண்டாள்.

ஜூலையில் குஞ்சுகள் பறந்த பிறகு டெரிக் வந்தார், லயனலும் வந்தான். நான் தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

"சீவிரலாம்தானே?" என்றார் டெரிக், முன்பு இருந்த தெம்பு இல்லாமல்.

"இல்ல," என்றாள் ஐவி. "திரும்பக் கட்டு. இருந்த உயரத்துக்கு."

"மிஸ் ஹோல்ராய்ட், யோசிங்க—" என்று லயனல் ஆரம்பித்தான்.

"நாலு மாசமா யோசிச்சேன், தம்பி. இன்னும் இருக்கு, கேளு. நடுச்சுவரையும் கட்டணும், டெரிக். அடியிலேருந்து உச்சி வரைக்கும். ஒரு ஊசி நுழையக்கூடாது. அவர் பக்கத்துக் குழாய்ல ஒண்ணை மட்டும் மூடாம விட்டுடு, அதுங்க வந்து போகட்டும். என் பக்கத்துல ரெண்டுத்துக்கும் வலை போடு."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் கேக்காதே," என்றேன் நான் குறுக்கிட்டு.

"கேக்கக்கூடாது," என்றாள். "ரெண்டு பேருக்கு இணைப்புக் குடுத்துட்டா நாம கம்பிய விட்டு எந்திரிச்சிரணும். ஒட்டுக் கேட்டா வேலை போயிரும். ஒரு தடவை கேட்டேன், போதும்."

விற்கப்போகிற வீட்டுக்கு லயனல் அந்தச் செலவுக்குச் சம்மதிக்கவே வேண்டியதில்லை. தாளைக் கையில் எடுத்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். "எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்று டெரிக்கிடம் கேட்டான்.

ஆகஸ்டில் சாரம் கட்டினார்கள். செங்கல் செங்கல்லாகப் பிரித்து, கெட்டதைத் தள்ளி, நல்லதைத் தட்டி எடுத்துக் கட்டினார் டெரிக். மூன்று வாரம் என்றது ஐந்து வாரமாயிற்று. நடுச்சுவர் உடைந்த இடத்தில் கூட்டுக் குப்பை இரண்டு சாக்கு வந்தது. அதை ஐவி பார்க்க வேண்டாம் என்று பின்பக்கமாக இறக்கினார். மேலே வேலை பார்த்த நாட்களில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்று சொன்னார். கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை.

மறு வருஷம் பதினாறாம் எண்ணுக்கு ஒரு இளம் ஜோடி வந்தது. அந்தப் பெண் ரோவீனா, தையல் வேலை செய்பவள். வந்த முதல் வசந்தத்தில் ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுக் கதவைத் தட்டி, "எங்க கணப்புப் பக்கம் யாரோ வயசானவங்க ரெண்டு பேர் பேசற மாதிரி இருக்கு, பக்கத்து வீட்டம்மாவுக்கு விருந்தாளி வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். பறவை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

ஐவிக்கு அதைச் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. வியாழக்கிழமைகளில் சர்ச் மண்டபத்தில் சீட்டாட வருவாள், தோற்றால் எதிராளியின் சுவாசத்தைப் பற்றி ஏதாவது குறை சொல்லுவாள். இன்னும் ஏழு வருஷம் அந்த வீட்டில் இருந்து, ஒரு பிப்ரவரிக் காலையில் பின்னறை நாற்காலியில் தூக்கத்திலேயே போய்விட்டாள். ரோவீனாதான் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் முன்னறையைத் தாண்டித்தான் அவளிடம் போக வேண்டியிருந்தது. ரோவீனா நடுவில் நின்று, கணப்புப் பக்கம் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து, நிற்க விடாமல், உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.